கோப்பைப் படத்தில் சத்துர்னினா

சந்தைப் பெண்களின் கால்பந்துப் போட்டியில் நாங்கள் கோப்பையை வென்ற அன்று எடுத்த படத்தில், அதை வென்று கொடுத்தவள் இல்லை.

ஆட்டம் முடியப்போகிற நேரம். கறிக்கடை அணித் தலைவி பெட்சபே உதைத்த பெனால்டியை எங்கள் கோல்கீப்பர் சத்துர்னினா பக்கவாட்டில் பாய்ந்து தட்டிவிட்டாள். பாய்ந்த வேகத்தில் கம்பத்தில் மோதித் தோள் எலும்பு முறிந்தது. நாங்கள் கட்டிப்பிடித்துக் குதித்து ஓய்ந்து திரும்பிப் பார்த்தபோது ஆம்புலன்ஸ் கிளம்பிவிட்டிருந்தது. மாலை வெயிலில், அடுக்குப் பாவாடைகளில் புழுதியோடு, மிச்சப் பேர் நின்று படம் எடுத்துக்கொண்டோம்.

சந்தைச் சங்கம் அந்தப் படத்தையே பேனராக அடித்து வாசலில் கட்டப்போவதாகச் சொன்னது. ஆஸ்பத்திரிக்குப் போய் அதைச் சத்துர்னினாவிடம் சொன்னேன்.

"நான் இல்லாத படத்தைக் கட்டுங்க, வந்து கிழிச்சு எறியுறேன். ஒரு கைதான் உடைஞ்சிருக்கு, இன்னொண்ணு நல்லாத்தான் இருக்கு," என்றாள்.

என் ஆப்பிக் கடைக்கு அடுத்தது செனோபியா கோல்கேயின் கூண்டு மாதிரியான சின்ன ஜெராக்ஸ் கடை. ஊதாச் சோளத்தில் நான் காய்ச்சும் ஆப்பியைக் குடிக்காமல் அவளுக்குக் காலை விடியாது. அடையாள அட்டைக்கு ஆட்களைப் படம் எடுத்து, பின்னணியைக் கணினியில் சிவப்பாக்கிக் கொடுப்பது அவள் வேலை. எங்கள் அணியிலும் அவள் உண்டு, மாற்று ஆட்டக்காரியாக. பெஞ்சை விட்டு ஒருநாளும் எழுந்ததில்லை. சத்துர்னினா சொன்னதைக் கேட்டதும் கிளாஸைக் கீழே வைத்தாள்.

"நான் அவளைப் படத்துக்குள்ள சேர்த்துத் தர்றேன்."

"உனக்கு அது தெரியுமாடி?"

"தெரியாது. தெரிஞ்சுக்கிறேன்."

சத்துர்னினாவின் கணவன் வில்பிரெடோ கட்டிலில் வைத்து எடுத்த ஒரு படத்தை அனுப்பினான். செனோபியா அதை வெட்டி எங்கள் படத்தில் ஒட்டினாள். அணித் தலைவி கசில்தாவைக் கூப்பிட்டுக் காட்டினோம்.

கசில்தா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "என்னடி இது, தபால்தலை ஒட்டின மாதிரி இருக்கு! தலை பூசணிக்காய் அளவு. முகம் வேற நீலம் பாரிச்சுக் கெடக்கு. அவ உயிரோடதானே இருக்கா?"

செனோபியாவுக்குக் கோபம் வரவில்லை. ஓரத்தைச் சீராக்க ரப்பர் கருவியால் அழித்துக்கொண்டே போனாள். கூடுதலாக அழித்ததில் ஒரு பின்னல் போயிற்று, பிறகு காது போயிற்று. ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தொடங்கினாள். ஆள் வராத நேரமெல்லாம் ஒரு மெக்சிகோக்காரரின் வீடியோவை ஓடவிட்டு, நிறுத்தி, மறுபடி ஓடவிட்டாள். மறுநாள் மத்தியானம் கூண்டுக்குள்ளிருந்து கூச்சல் கேட்டது. தீப்பிடித்துவிட்டதென்று நினைத்துக் கரண்டியோடு ஓடினேன்.

"அக்கா, இங்க பாருங்க! மாஸ்க்னு ஒண்ணு இருக்கு. கறுப்பு பூசினா அந்த இடம் மறையுது. வெள்ளை பூசினா திரும்பி வருது! எதுவுமே அழியலை அக்கா, அடியில பத்திரமா இருக்கு!"

கறுப்பு பூசினாள், சத்துர்னினாவின் காது மறைந்தது. வெள்ளை பூசினாள், காது வந்தது. மறுபடி மறைத்தாள், வரவழைத்தாள். எனக்கே கை பரபரத்தது. "நான் ஒரு தடவை," என்று மௌஸைப் பிடுங்கி, கசில்தாவின் மூக்கை மறைத்துவிட்டு வெகுநேரம் சிரித்தேன். ஜெராக்ஸ் எடுக்க வந்தவர் எங்களைப் பார்த்துவிட்டு அடுத்த கடைக்குப் போய்விட்டார்.

ஓரம் சரியாகிவிட்டது, நிறம் ஒட்டவில்லை. எங்கள் மேல் மஞ்சள் வெயில், அவள் மேல் டியூப் லைட். அதோடு எல்லோரும் நிற்க, அவள் மட்டும் சாய்ந்திருந்தாள். செனோபியா நகத்தைக் கடித்தபடி இரண்டு படங்களையும் மாறி மாறிப் பார்த்தாள். சட்டென்று கேமராவை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

"இதை எவ்வளவு தேய்ச்சாலும் வெயில் வராது. அவளை வெயிலுக்குக் கொண்டு வரணும். கிளம்புங்க!"

அன்று மாலையே ஆஸ்பத்திரி முற்றத்தில் சத்துர்னினாவை நிறுத்தினோம். எங்களுக்கு வெயில் இடப்பக்கத்திலிருந்து விழுந்திருந்ததால் அவளையும் அப்படியே திருப்பினோம். மஞ்சள் ஜெர்சியை ஒரு கையில் மாட்டி, மறு தோளில் போர்த்தினோம். கழுத்திலிருந்து துணித் தூளியில் தொங்கிய, கட்டுப்போட்ட கை அப்பட்டமாகத் தெரிந்தது.

"இந்தத் தூளியோட நிக்க மாட்டேன்," என்றாள் சத்துர்னினா.

"கசில்தாவுக்குப் பின்னாடி அது போயிரும். நீ சிரி."

"அவளுக்குப் பின்னாடியா நான் நிக்கணும்?"

"கை மட்டும்தான் பின்னாடி. முகம் முன்னாடிதான், தாயே. சிரி!"

நர்ஸ் வந்து விரட்டுவதற்குள் படம் கிடைத்துவிட்டது.

கூண்டுக்குத் திரும்பியதும் அளவைச் சரிசெய்து அவளைக் கசில்தாவின் பக்கத்தில் வைத்தாள் செனோபியா. கசில்தாவின் தோள் இருந்த இடத்தில் மாஸ்க்கில் கறுப்பு பூசினாள். கட்டுப்போட்ட கை கசில்தாவின் முதுகுக்குப் பின்னால் நழுவிப் போனது, அவளை அணைத்துக்கொண்டு நிற்பதுபோல. பின்னல் நுனிகளை மெல்லிய பிரஷ்ஷால் ஒவ்வொரு முடியாக வரவழைத்தாள். இருந்தும் ஏதோ உறுத்தியது. நான்தான் கண்டுபிடித்தேன்.

"எங்க எல்லாருக்கும் நிழல் விழுது. இவளுக்கு இல்லையே, பேய் மாதிரி நிக்கிறா!"

செனோபியா நெற்றியில் அடித்துக்கொண்டாள். சத்துர்னினாவின் உருவத்தையே நகலெடுத்துக் கறுப்பாக்கி, தரையில் படுக்கவைத்து, மங்கலாக்கினாள். அந்த நொடியில் சத்துர்னினா புழுதியில் கால் ஊன்றி நின்றாள். பிறகு செனோபியா எழுந்து, அந்தச் சின்னக் கூண்டுக்குள் இடம் போதாமல் முட்டி மோதிக்கொண்டு ஆடினாள். கோப்பை வென்ற அன்றுகூட அவள் அப்படி ஆடவில்லை.

பேனர் ஏறிய அன்று சந்தை முழுவதும் வாசலில் நின்றது. பெட்சபே அருகில் போய்க் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். "இவளை அன்னிக்கு ஆம்புலன்ஸ்ல ஏத்தினாங்களே! எப்ப எடுத்தீங்க இதை?" தோளில் கட்டோடு வந்திருந்த சத்துர்னினா, படத்தில் சிரித்ததைவிடப் பெரிதாகச் சிரித்தாள். வில்பிரெடோ பேனரின் ஓரத்தைத் தடவி ஒட்டு இருக்கிறதா என்று தேடினான். அகப்படவில்லை.

அடுத்த வாரமே செனோபியாவின் கூண்டில் கூட்டம். அர்ஜென்டினாவில் வேலை செய்யும் தம்பியைத் தன் கல்யாணப் படத்தில் சேர்க்கச் சொல்லி ஒருத்தி வந்தாள். செனோபியா முதலில் கேட்டது, அந்தத் தம்பியின் படத்தில் வெயில் எந்தப் பக்கம் விழுகிறது என்பதைத்தான். பெட்சபேயும் ஒருநாள் தயங்கித் தயங்கி வந்தாள்.

"எங்க டீம் படத்துல அந்தக் கோப்பையை வச்சுத் தர முடியுமா?"

"முடியும். ஆனா செய்ய மாட்டேன்," என்றாள் செனோபியா. "சத்துர்னினா நிஜமாவே பந்தைத் தடுத்தவ. உனக்குக் கோப்பை வேணும்னா அடுத்த வருஷம் பெனால்டியை ஒழுங்கா உதை."

பெட்சபே முறைத்தாள், பிறகு தானும் சிரித்துவிட்டாள். ஆளுக்கொரு கிளாஸ் ஆப்பி ஊற்றிக் கொடுத்தேன். அடுத்த ஆட்டத்தில் தன்னை இறக்கச் சொல்லிக் கசில்தாவிடம் பேசப்போவதாகச் செனோபியா சொல்லிக்கொண்டிருந்தாள்.