பிரான்ஸ் கடிகாரம்

வில்லியனூரில் எங்கள் வீட்டுச் சுவரில் பிரான்ஸ் நேரத்துக்கென்றே ஒரு கடிகாரம் உண்டு. அதில் ஒன்பதானால் ஞாயிறுதோறும் அங்கிருந்து அண்ணன் பேசுவார். ஆண்டுக்கு இருமுறை அங்கே எல்லாக் கடிகாரங்களையும் ஒரு மணி நேரம் மாற்றி வைப்பார்கள். அந்த நாளில், "கடியாரத்த மாத்திட்டியா?" என்றுதான் தொடங்குவார்.

போன அக்டோபரில் ஒரு மணி நேரம் பின்னால் வைக்க மறந்துவிட்டேன். ஒன்பது தாண்டியும் அழைப்பில்லை. கோபத்தில் போனைச் சைலன்ட்டில் போட்டுத் தூங்கினேன். எழுந்தபோது அண்ணனின் மூன்று மிஸ்டுகால்கள். திருப்பி அழைத்தேன், எடுக்கவில்லை. மாரடைப்பில் போய்விட்டிருந்தார்.

அதன்பின், ஒரு மணி நேரம் முந்தி ஓடிய அந்தக் கடிகாரத்தை நான் தொடவேயில்லை.

மார்ச் கடைசி ஞாயிறு அதில் ஒன்பது அடித்தது. போனில் அண்ணன் பெயர். எடுத்தேன்.

"அத்தே, அப்பா போன்லேர்ந்து பேசறேன். இங்க ஒரு மணி நேரம் முன்ன வெச்சிட்டாங்க. கடியாரத்த மாத்திட்டியா?"

"வேணாம்மா. அதுவே சரியாயிடிச்சி."

அந்த மூன்று மிஸ்டுகால்களை மட்டும் இன்னும் அழிக்கவில்லை.