ஆறாவது கட்டத்து வேகம்

சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து சிவில் டிப்ளமோவோடு வந்த நம்பிராஜனுக்கு இப்போது நாற்பத்து நான்கு வயது. ஸ்ரீபெரும்புதூரில் ஒரு சின்ன ஆலோசனை நிறுவனத்தில் வேலை. போடப்போகும் தார்ச்சாலை லாரிகளின் எடையை எத்தனை வருஷம் தாங்கும், எங்கே எவ்வளவு அமுங்கும் என்று கணினியில் ஓட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும். லாரியின் எடை, வெயில், தாரின் பருமன், வண்டி போகும் வேகம் என்று கட்டங்களை நிரப்பிவிட்டால் மென்பொருள் பதினைந்து வருஷப் போக்குவரத்தைக் கால்மணி நேரத்தில் ஓட்டி முடித்துவிடும்.

குன்றத்தூரில் காந்திமதியம்மாள் வீட்டு மாடியில் அவரும் மனைவி அன்னக்கிளியும் ஆறு வருஷமாகக் குடியிருந்தார்கள். கீழே காந்திமதியம்மாள், மகன் ரஞ்சித், மருமகள் சுவாதி, ஒரு பேத்தி. ரஞ்சித்துக்கு ஒரகடம் பக்கம் கம்பெனி வேலை. ஞாயிற்றுக்கிழமை என்றால் மாடிக்கு வந்து நம்பிராஜனின் தோளுக்கு மேலே எட்டிப் பார்ப்பான்.

"இன்னாண்ணா, லாரி கேம் ஆடிக்கினு கீற? என் பைக் எங்க?"

"பைக்கெல்லாம் இதுல வராதுப்பா. அதால ரோட்டுக்கு ஒரு சேதமும் கெடையாது."

"அப்போ எங்களுக்கு ஃப்ரீ! ஒரு போலீஸ்காரனயாவது வுடுண்ணா, லாரிக்காரன் இஷ்டத்துக்குப் போறான் பாரு."

அன்று திரையில் இருந்தது வல்லக்கோட்டைப் பக்கம் போகும் சாலை. ஆறு பகுதிகளாகப் பிரித்திருந்தார்கள். ஐந்து பகுதிகளில் லாரிகளின் வேகத்தை அளந்து மணிக்கு நாற்பத்தைந்து கிலோமீட்டர் என்று எழுதி வந்திருந்தார்கள். ஆறாவது, ஒரு கம்பெனி கேட்டுக்கு முன்னால் இருக்கும் முந்நூறு மீட்டர். அங்கே லாரிகள் உள்ளே போக வரிசையில் நின்று நின்று ஊரும். அளக்கப் போனவர்கள் 'வண்டிகள் நிற்கின்றன' என்று எழுதிவிட்டு அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டிருந்தார்கள். நிற்பது போக்குவரத்து ஆகாது என்பது அவர்கள் கணக்கு. திங்கட்கிழமை அறிக்கை போயாக வேண்டும். நம்பிராஜன் மேலே இருந்த நாற்பத்தைந்தின் மூலையைப் பிடித்து ஆறாவது கட்டம் வரை இழுத்துவிட்டார்; அங்கேயும் அதே எண் விழுந்தது.

வெயிலில் இளகிய தாரின்மேல் ஓடுகிற லாரியைவிட ஊர்கிற லாரிதான் அதிகம் அழுத்தும். இது அவருக்குத் தெரியாததல்ல. அந்த நேரத்தில் அதை அவர் நினைக்கவில்லை.

சாலை போட்ட இரண்டாம் வருஷம் கேட்டுக்கு முன்னால் சக்கரத் தடத்தில் இரண்டு நீளப் பள்ளங்கள் விழுந்தன. ஐப்பசி மழையில் அவை வாய்க்கால் மாதிரி நிறைந்துவிடும். இரண்டாம் ஷிப்டுக்குப் போன ரஞ்சித்தின் பைக் பள்ளத்து விளிம்பில் வழுக்கியது. பின்னால் வந்த லாரி நிற்க முடியவில்லை.

ரஞ்சித்தின் சாவைப் பற்றிய போலீஸ் காகிதத்தில் அவன் 'அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்' ஓட்டியதாக இருந்தது. காந்திமதியம்மாள் முதல் வார்த்தையைப் பிடித்துக்கொண்டாள். மகன் ஏன் வேகமாகப் போனான்? அன்றைக்குச் சுவாதி சோறு கட்டிக் கொடுக்கப் பத்து நிமிடம் தாமதம்.

"டயத்துக்கு ஆக்கிப் போட்டிருந்தா எம்புள்ள ஏன் பறந்துக்கினு போறான்?" வாசலில் யார் வந்து உட்கார்ந்தாலும் இதுதான் பேச்சு.

நாலு மாதம் கழித்து ஒரு சாயங்காலம் அன்னக்கிளி சொன்னாள். "ஏங்க, கீழ உள்ள பாப்பா பள்ளிக்கூடத்துல வாந்தி எடுத்துருக்கா. டப்பாவத் தொறந்து பாத்தேன், சோறு ஊசிப் போயிக் கெடக்கு. சுவாதி விடியுமுன்ன நாலு மணிக்கே ஆக்கி மூடி வச்சிருதா. ஏம்மான்னு கேட்டா, இனிமே என்னால யாருக்கும் லேட்டாவக் கூடாதுக்கான்னு சொல்லுதா."

நம்பிராஜன் மறுநாள் அலுவலகத்தில் பழைய கோப்பைத் திறந்தார். ஆறு கட்டத்திலும் நாற்பத்தைந்து. ஆறாவதை மட்டும் ஐந்து என்று மாற்றி ஓட்டினார். பள்ளத்தின் ஆழம் முன்னே வந்ததைப்போல் மூன்று மடங்கு வந்தது. பள்ளம் விழுவது எந்த வருஷம் என்று பார்த்தார். இரண்டாம் வருஷம்.

முதலாளி வரதராஜுலு பின்னால் வந்து நின்றார். "இன்னா நம்பி, முடிஞ்சிபோன ஃபைல நோண்டிக்கினு? அதுல கையெழுத்தெல்லாம் ஆயிப்போச்சு. மூடு."

மூடினார். வீட்டுக்கு வந்து அன்னக்கிளியிடம் சொன்னார். "கீழ சொன்னா நம்மள இங்க இருக்க விடுவாகளா?" என்றாள்.

"விட மாட்டாக."

"சொல்லாட்டா அந்தச் சுவாதிப் பிள்ள இருக்காது."

ஞாயிற்றுக்கிழமை கீழே போனார். மாமியாரும் மருமகளும் இருவரும் இருக்கும்போதே சொன்னார். லாரி ஊர்வதை, தார் இளகுவதை, தான் இழுத்துவிட்ட எண்ணை. "பத்து நிமிஷத்துக்கும் அந்தப் பள்ளத்துக்கும் சம்பந்தம் இல்லம்மா. மெதுவாப் போற வண்டியக்கூட அந்த விளிம்பு இழுக்கும். பள்ளம் விழும்னு முன்னாடியே சொல்லியிருக்க வேண்டியவன் நான்."

சுவாதி கேட்டது ஒன்றுதான். "அந்தக் கம்ப்யூட்டர்ல இவரு பைக் இருந்துச்சாண்ணா?"

"இல்லம்மா. பைக்க அதுல சேக்கறதில்ல."

அவள் தலையாட்டினாள். காந்திமதியம்மாள் எழுந்தாள். "அப்போ நீதானா? ஒம்போது வருஷமா எந்தலைக்கு மேலயே குந்திக்கினு இருந்தியா?"

அன்றிலிருந்து வசவு படியேறி மாடிக்கு வந்தது. தண்ணீர் மோட்டாருக்கு, கேட் பூட்டுக்கு, காயப்போட்ட துணிக்கு என்று எதற்கும் நம்பிராஜன்தான். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு தலை குனிந்தபடியே கடந்து போவார். மாதக் கடைசியில் காலி செய்யச் சொன்னாள். சேரப்பணஞ்சேரியில் ஒற்றை அறை கிடைத்தது.

சாமான் ஏற்றிய அன்று காலை ஏழரைக்கு அன்னக்கிளி சொல்லிக்கொள்ளக் கீழே போனாள். காந்திமதியம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். உள்ளே பாப்பா சீருடையோடு தரையில் உட்கார்ந்து ஷூவுக்கு நாடா கட்டிக்கொண்டிருந்தது. அடுப்பில் பானை கொதித்துக்கொண்டிருந்தது. சுவாதி கரண்டியில் ஒரு பருக்கையை எடுத்து நசுக்கிப் பார்த்தாள்.

"இன்னும் வேகலக்கா," என்றாள். "லேட்டாவும்."