திருகாணி விற்க மறுத்தவர்

அது யுத்த காலம். ரங்கூனில் குண்டு விழத் தொடங்கியதும், மனைவியையும் இரண்டு பெண்குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு கப்பலேறி, மதுரைக்குத் தெற்கே வில்லாபுரத்தில் இருந்த என் மைத்துனர் வீட்டில் வந்து சேர்ந்தேன். சொந்த ஊர் திரும்பியாயிற்று என்று எல்லோரும் சொன்னார்கள். ஆனால் நான் பிறந்ததே ரங்கூனில். என்னைப் பொறுத்தவரை மதுரைதான் வெளிநாடு.

கையில் பன்னிரண்டு வருஷ ஒயரிங் அனுபவம் இருந்தது. அதைவிட வாய் அதிகமாக இருந்தது. எதற்கெடுத்தாலும் "ரங்கூன்ல..." என்றுதான் ஆரம்பிப்பேன். அந்த ஊர் லைசென்ஸ் இங்கே செல்லாது, புதிதாகப் பரீட்சை கொடுக்க வேண்டும் என்று மின்சார ஆபீஸில் சொன்னபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. முந்தின நாளே வந்து சுவரைத் தயார் செய்துகொள்ளலாம் என்றார்கள். நான் போகவில்லை. ரங்கூன்காரனுக்குத் தயாரிப்பு எதற்கு?

செங்கல் சுவரில் மரச்சட்டம் அடித்து, ஒயர் இழுத்து, சுவிட்சுப் பலகையும் விளக்கும் பொருத்த வேண்டும். அதுதான் பரீட்சை. சுவிட்சைத் தட்டியதும் விளக்கு எரிந்தது. இன்ஸ்பெக்டர் விளக்கைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பலகையைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தார். பலகை, சட்டம், ஒயர் எல்லாம் சுண்ணாம்புத் தூளோடு அவர் கையோடு வந்துவிட்டன. மற்றவர்கள் சிரித்ததை இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது.

ரங்கூனில் நான் வேலை பார்த்த பகுதியில் வீடெல்லாம் தேக்குப் பலகை. திருகாணியை வைத்துத் திருகினால் ஜென்மத்துக்கும் அசையாது. செங்கல் சுவரில் அதுவரை நான் வேலையே செய்ததில்லை. யாரிடமாவது கேட்டிருக்கலாம். கேட்க மனம் வரவில்லை.

மறு பரீட்சைக்கு இருபது நாள் இருந்தது. மைத்துனர் நல்ல மனுஷர். சாப்பிடும்போது மெதுவாகத்தான் கேட்டார்: "இந்தத் தடவையும் ஆகலேன்னா பஞ்சு மில்லுல மூட்டை தூக்க ஆள் கேக்குறாக மாப்ள. சொல்லி வைக்கவா?" நாலு பேர் அவர் வீட்டுச் சோற்றில் இருந்தோம். சரி என்றேன்.

எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் இன்னும் நீளமான திருகாணி. டவுனுக்குள் ஒரு பாய் வைத்திருந்த இரும்புக் கடையில் வாங்கி, மைத்துனரின் தோட்டத்தில் நின்ற பழைய செங்கல் சுவரில் திருகினேன். கழன்றது. மறுநாள் அதைவிட நீளம். அதுவும் கழன்றது. மூன்றாம் நாள் அந்தச் சுவரே பாதி உதிர்ந்துவிட்டது. மறுபடி கடைக்குப் போனேன். பாய் திருகாணி டப்பாவின்மேல் கையை வைத்துக்கொண்டார்.

"இன்னும் எம்புட்டு நீளம்ணே? இதுக்கு மேலன்னா கடப்பாரைதான் இருக்கு."

"யாவாரம் பண்ணத்தானே உக்காந்திருக்கீக? குடுங்க பாய்."

"மாட்டேன். எதுக்குன்னு சொல்லுங்க."

அவருக்கு என்னைவிட இரண்டொரு வயது கூட இருக்கலாம். முன்பின் தெரியாதவர். அவரிடம் போய் ஏன் சொன்னேனோ, "எனக்குத் தெரியல பாய்" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. ஒரு மரத்துண்டை எடுத்து, ஒரு பக்கம் அகலமாகவும் மறுபக்கம் குறுகலாகவும் செதுக்கி ஒரு முளை செய்து கொடுத்தார். கடை வாசலில் கிடந்த ஒரு செங்கல்லைத் துளைத்து, குறுகின பக்கத்தை உள்ளே விட்டு அடித்தேன். யாராயிருந்தாலும் அப்படித்தானே அடிப்பார்கள்? அவர் இரண்டே விரலால் உருவி எடுத்துவிட்டார்.

"அகலப் பக்கம் உள்ள போகணும்ணே. சுத்திவர சிமெண்டைப் போட்டு இறுக்கி, ஒரு நாள் காய விடுங்க. அப்புறம் யானை கட்டி இழுத்தாலும் வராது. திருகாணியை அந்தக் கட்டையில போடுங்க, செவுத்துல போடாதீக."

பழகிப் பார்க்கச் சுவருக்கு எங்கே போவது என்று நான் விழித்தேன். அவர் தன் கடைச் சுவரைத் தட்டிக் காட்டினார். பெருநாளுக்காக அப்போதுதான் வெள்ளையடித்த சுவர்!

மிச்சமிருந்த நாளெல்லாம் வியாபாரத்துக்கு நடுவே அந்தச் சுவரைக் குடைந்தேன். வாளி, சங்கிலி எல்லாவற்றின் மேலும் தூசி. வந்தவர்கள் முணுமுணுத்தால், "லைசென்சு வாங்கப் போற ஆளு, கொஞ்சம் பொறுங்கப்பா" என்பார். காலையில் நான் வருவதற்குள் ஒவ்வொரு முளையையும் இழுத்துப் பார்த்து வைத்திருப்பார்.

இரண்டாம் பரீட்சைக்கு முந்தின நாளே போய்ச் சுவரில் முளைகளைப் பதித்துவிட்டு வந்தேன். மறுநாள் இன்ஸ்பெக்டர் ஒரு கையால் இழுத்தார், பிறகு இரண்டு கையாலும் இழுத்தார். பலகை அசையவில்லை. லைசென்ஸ் கைக்கு வந்ததும் வீட்டுக்குக்கூடப் போகாமல், ஓட்டைகளைப் பூசித் தரலாம் என்று சிமெண்டோடு கடைக்கு ஓடினேன். முளைகளில் இருந்த திருகாணிகளில் ஏற்கெனவே சல்லடையும் சங்கிலியும் தொங்கின.

"பூச வேணாம்ணே. என்னைக்காவது இங்க கரண்டு வந்தா, நீங்கதான் வந்து இந்த முளையில பலகை மாட்டணும்" என்றார். "கட்டாயம் வாரேன் பாய்" என்றேன்.

சில வருஷம் கழித்து அங்கே கரண்டு வந்தது. நானே போய் மாட்டினேன். சுவிட்சைப் போடுங்கள் என்றேன். பாய் போடவில்லை. முதலில் பலகையைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்தார். அப்புறம்தான் விளக்கைப் போட்டார்.

இன்றும் எந்த வீட்டில் வேலை முடித்தாலும், விளக்கைப் போடுவதற்கு முன் பலகையை ஒருமுறை இழுத்துப் பார்க்கிறேன். 'எனக்குத் தெரியவில்லை' என்று நான் முதன்முதலாகச் சொன்ன மனிதருக்கு அதுதான் என் சலாம்.