ஐந்து தூக்குச் சோறு

யுத்த வருஷங்களில் மதுரையில் சோற்றுக்கு வாரம் ஒரு நிறம். ஒரு வாரம் ரேஷனில் பழுப்பேறிய புழுங்கலரிசி, மறுவாரம் பச்சரிசி, அடுத்த வாரம் நொய்யும் கல்லும். எந்த வயலில் விளைந்ததோ, எந்தக் கிட்டங்கியில் நனைந்ததோ, பைக்குள் வந்து விழும். முகம் சுளித்தால் கடைக்காரர், "பிடிக்கலைன்னா வச்சிட்டுப் போங்கண்ணே, பின்னால ஆள் நிக்குது" என்பார்.

அப்போதுதான் மேலூரில் கட்டிக்கொடுத்த எங்கள் ஒரே மகள் மாசமாக இருந்தாள். தலைப்பிரசவம். ஏழாம் மாதம் பெண்வீட்டார் ஐந்து வகைச் சோறு கட்டிக்கொண்டு போய், அவளுக்கு ஊட்டி, பிறந்த வீட்டுக்கு அழைத்து வரவேண்டும். கட்டுச்சோறு போகாமல் பெண் வாசல் தாண்டக்கூடாது. ஆடியில் அவளைப் பார்த்துவிட்டு வந்த என் மனைவி, "கால் ரெண்டும் வீங்கிக் கெடக்கு. அந்தக் காலோட கெணத்துல தண்ணி எறைக்கிறா. எப்படியாச்சும் கூட்டிட்டு வந்துரணும்ங்க" என்றாள்.

எப்படியாச்சும். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு குடும்பம் நடத்தினோம்.

உலையில் போடுமுன் ஒரு பிடி அரிசியை எடுத்துக் கலயத்தில் சேர்ப்பது அவள் பிறந்த வீட்டுப் பழக்கம். அந்த ஒரு பிடி இரண்டு பிடியாயிற்று. எங்களுக்கு இரவில் சோளக் களி. காப்பி போய் மல்லித் தண்ணீர் வந்தது. வெற்றிலையை விட்டேன். விளக்குத் திரியைத் தாழ்த்தித் தாழ்த்தி, ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாமலே பேசப் பழகினோம். அச்சாபீஸில் பிழை திருத்துவது என் வேலை. செருப்பு தேயுமே என்று கையில் எடுத்துக்கொண்டு நடந்து, ஆபீஸ் வாசலில் போட்டுக்கொள்வேன். அச்சுக் கோப்பவர் ஒருநாள் பார்த்துவிட்டார். "என்னண்ணே, அது உங்களச் சொமக்குமா, நீங்க அதச் சொமப்பீங்களா?" சிரித்தேன். பசித்தவன் சிரிப்பு பல்லில் தொடங்கிப் பல்லிலேயே முடிந்துவிடுகிறது.

கலயம் நிறைந்தது. புரட்டாசியில் நாள் பார்த்து, விடியுமுன் அடுப்பு மூட்டினாள். கலயத்தைச் சுளகில் கவிழ்த்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அவள் பிறந்த வீட்டில் வருஷம் முழுக்க ஒரே வயல் நெல். கை பார்க்காமலே அள்ளிப் போடும். அதே கைதான் இங்கும் அள்ளியது. ரேஷனின் எல்லா வாரங்களும் சுளகில் ஒன்றாய்க் கலந்து கிடந்தன. பச்சையைத் தனியாக, புழுங்கலைத் தனியாகப் பொறுக்கிப் பார்த்தாள். கிழக்கு வெளுத்தது. பஸ்ஸுக்கு நேரமாயிற்று.

ஒரே பானையில் வடித்தாள். பச்சரிசி குழைந்தது, புழுங்கல் விறைத்து நின்றது, நொய் அடியில் பசையாய் ஒட்டியது. புளி, எலுமிச்சை, தேங்காய், வெல்லம், தயிர் என்று ஐந்து தூக்குவாளிகளில் கிளறி அடைத்தாள்.

"புளி மறைச்சிரும்" என்றாள்.

"மறைச்சிரும்" என்றேன்.

கரியைப் புகைத்து ஓடும் பஸ் மேட்டில் மூச்சு முட்டி நின்றது. ஆண்களெல்லாம் இறங்கித் தள்ளினோம். அவள் தூக்குகளை அணைத்தபடி உள்ளேயே உட்கார்ந்திருந்தாள், யாரோ பறித்துக்கொள்வார்கள் என்பதுபோல.

சம்பந்தியம்மா முதல் கவளத்தைத் தன் வாயில் போட்டுப் பார்த்தார். தாடை நின்றது. நாக்கிலிருந்து ஒரு பருக்கையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"ஏன் மதினி, புள்ளத்தாச்சிக்கா இந்த அரவேக்காட்டுச் சோறு? மொத வாயே இப்பிடின்னா மத்தது எப்பிடி வெளங்கும்?"

"ரேஷன் அரிசி மதினி, கலந்துபோச்சு..."

"ஊருபூரா இதே அரிசிதானம்மா" என்றேன்.

"ஊரு கத எனக்கு எதுக்கண்ணே? கட்டுச்சோத்துக்கே அரிசி இல்லாத வீட்ல போயி எம் மருமக என்னத்தத் தின்னு பெறுவா? இங்கனயே பெறட்டும்."

மகளை அழைத்துவர நாங்கள் எதையெல்லாம் விட்டோமோ அதெல்லாம் சேர்ந்து, அவளை அழைத்துப்போக வக்கற்றவர்கள் என்று எங்களுக்கு எதிராகச் சாட்சி சொல்லிற்று. மாப்பிள்ளையைப் பார்த்தேன். "அம்மா சொன்னாச் சரிதான் மாமா" என்று தரையிடம் சொன்னார்.

மகள் இலையின் முன்னால் மெல்ல உட்கார்ந்து புளிச்சோற்றைப் பிசைந்து தின்றாள். வேகாத அரிசி அவள் பல்லில் நொறுங்குவது எனக்குக் கேட்டது. "நல்லாத்தான்ப்பா இருக்கு. அம்மா, இன்னும் கொஞ்சம் வையி." தின்று தீர்த்துவிட்டால் அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்தாளோ என்னவோ, அள்ளி அள்ளித் தின்றாள். சம்பந்தியம்மா குனிந்து இலையை இழுத்தார். "போதும் ஆத்தா, வயித்துக்கு ஆகாது."

மாலை பஸ்ஸில் நாங்கள் இருவர்தான் திரும்பினோம்.

மழை விடாத கார்த்திகையில் ஆள் வந்தது. போய்ச் சேர்ந்தபோது மகளைக் குளிப்பாட்டிக் கிடத்தியிருந்தார்கள். உள்ளே பிள்ளை கத்திக்கொண்டிருந்தது. எல்லாம் முடிந்தபின் சம்பந்தியம்மா அதைத் துணியில் சுற்றி என் மனைவியிடம் நீட்டினார். "நீங்களே கொண்டுபோங்க மதினி. தாயில்லாப் புள்ளைய இங்க யாரு பாக்குறது?"

மனைவி வாங்கிக்கொண்டாள். பாலுக்கு யார் வீட்டு வாசலில் போய் நிற்பது என்று பஸ்ஸில் ஒவ்வொரு வீடாக நினைத்துப் பார்த்துக்கொண்டே வந்தோம். மகளுக்காக அழ அன்று எங்களுக்கு நேரம் வாய்க்கவில்லை.