சுவரைத் தடவிப் பார்த்தவர்

மேற்கே ஓடும் ஆற்றைக் கம்பம் பக்கம் திருப்ப மலைமேல் அணை கட்டிக்கொண்டிருந்த காலத்தில் நான் அங்கே வரைபடங்களை நகலெடுக்கும் வேலையில் இருந்தேன். இருபத்திரண்டு வயது. முகாமில் வாந்திபேதி கண்டதும், நோயாளிகளோடு பழகியவர்கள் என்று எங்கள் மூவரை ஒரு மண்சுவர்க் கொட்டகையில் தனியாக அடைத்தார்கள். வாசலில் காவல். இருந்த ஒரே சன்னலையும் மழைக்காகப் பலகை வைத்து அறைந்திருந்தார்கள்; பலகை இடுக்கில் வருவதுதான் வெளிச்சம்.

கூட இருந்தவர்களில் ஒருவர் கொச்சித் தச்சர், கப்பலில் பல தேசம் போனவர். மற்றவர் கம்பத்துக்காரர், கல் உடைப்பவர். வெடி வைத்தபோது கல் தெறித்து, இரண்டு கண்ணிலும் துணிக்கட்டு.

முதல் மூன்று நாள் ஆளுக்கொரு மூலையில் கிடந்தோம். வயிறு லேசாக இரைந்தாலும் நோய் வந்துவிட்டது என்று பயம். நான்காம் நாள் பொறுக்க முடியாமல் அடுப்புக்கரியை எடுத்துச் சுவரில் வரைய ஆரம்பித்தேன்.

"என்ன சத்தம் தம்பி? எலியா?" என்றார் கம்பத்துக்காரர்.

"படம் போடுறேன்ணே."

"போடு, போடு. நான் எங்கன பாக்க?"

எனக்கு வெட்கமாகிவிட்டது. தச்சரிடம் ஓர் ஆணி வாங்கி, சுவரில் ஆழமாகக் கீறினேன். கம்பத்துக்காரர் விரலைப் பிடித்து அதன்மேல் வைத்தேன்.

"நம்ம மலைண்ணே."

"இம்புட்டுக் கோணலாவா இருக்கு?"

அன்றுதான் அந்தக் கொட்டகையில் முதன்முதலாகச் சிரிப்புக் கேட்டது.

பிறகு தச்சர் சொல்லச் சொல்லக் கீறினேன். கிராம்பு மணக்கும் ஒரு துறைமுகம், வயல்வரப்பு மாதிரி வரிவரியாகத் தலை பின்னிய பெண்கள். அலைச் சத்தம் எப்படி இருக்கும் என்று கேட்டேன். மரம் இழைக்கிற மாதிரி என்றார். இழைப்புச் சுருள் போலவே அலைகளைச் சுருட்டிவிட்டேன்.

"மலையக் குடைஞ்சு தண்ணி எங்க பக்கம் வந்தா எப்பிடி இருக்கும்? அதப் போடு தம்பி" என்றார் கம்பத்துக்காரர்.

யாரும் பார்க்காததை வரைவது சுலபமாக இல்லை. இரண்டு நாள் பிடித்தது. நெல்வயலுக்கு நடுவில் ஒரு படகும் வேண்டுமென்று தச்சர் அடம்பிடித்தார்.

"வயலுக்குள்ள படகு எதுக்குய்யா?" என்றார் கம்பத்துக்காரர்.

"வெள்ளம் வந்தால் வள்ளமும் வரும்!" தச்சர் ஊரில் தண்ணீர்தான் வெள்ளம், படகுதான் வள்ளம்.

மறுநாள் மத்தியானம் கம்பத்துக்காரர் திடீரென்று எழுந்து கதவை அடிக்கத் தொடங்கினார். "தெறங்கய்யா! கண்ணு இருக்கா போச்சான்னு எனக்கு இன்னைக்கே தெரியணும்!"

கை ஓய்ந்ததும் தட்டுத் தடுமாறி வந்து, சுவரில் நெற்றியை முட்டுக்கொடுத்து உட்கார்ந்தார். நான் ஆணியைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நின்றேன்.

பதினெட்டாம் நாள் கதவு திறந்தது. மருந்து போடுபவர் வந்து கம்பத்துக்காரரின் கண்கட்டை அவிழ்த்தார். வலது கண்ணில் வெளிச்சம் மட்டும் தெரிந்தது. இடது கண்ணில் அதுவுமில்லை. அவர் அழவில்லை. உள்ளே போய்ச் சுவரை ஒருமுறை தடவிவிட்டு வந்தார்.

கொட்டகையைக் கொளுத்தி, சுவரையும் இடித்துவிட வேண்டும் என்பது உத்தரவு. மண்ணெண்ணெய் ஊற்றினார்கள். என் படங்கள் போகின்றனவே என்று எனக்குத் தோன்றவே இல்லை. வெளியே வந்துவிட்டோம் என்பது மட்டும்தான் மனதில் இருந்தது. கம்பத்துக்காரரின் தம்பி அவரைக் கைபிடித்து அழைத்துப்போனார்.

"தண்ணி வர்றப்ப எங்க ஊருக்கு வா தம்பி" என்றார் போகும்போது.

வருகிறேன் என்றேன். சில வருஷம் கழித்துத் தண்ணீர் வந்தது. ஊரே திரண்டு போய்ப் பார்த்ததாகச் சொன்னார்கள். நான் போகவில்லை. தண்ணீர் எப்படி இருக்கிறது என்று அவர் என்னைக் கேட்பார் என்ற பயம்.