எங்கள் வீட்டை வாங்க வந்தவர்கள்

முதலில் ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்தார். கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கைக்கு மறுபக்க வழி கிடையாது. வேலையில்லாத யாரும் உள்ளே வருவதில்லை. அவர் எங்கள் கேற்றுக்கு எதிரே நின்று போனில் வீட்டைப் படம் எடுத்தார். நான் யன்னலால் எட்டிப் பார்த்ததும் தெரிந்தவர்போலத் தலையசைத்துவிட்டுப் போனார். ஆதன வரியைக் கூட்டுவதற்காக மாநகரசபையில் இருந்து வந்திருப்பார்கள் என்று என் கணவர் சொன்னார். அடுத்த கிழமை இரண்டு பேர் மதிலோரம் அளவு நாடாவைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கேட்டேன். பக்கத்துக் காணியை அளக்கிறோம் என்று சிங்களத்தில் சொன்னார்கள். பக்கத்து வீட்டில் விசாரித்தபோது, அவர்கள் யாரையும் அளக்கச் சொல்லவில்லை என்றார்கள்.

நான் பாடசாலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு பகல் முழுவதும் வீட்டில் தனியாகத்தான் இருப்பேன். கணவருக்குக் கொள்ளுப்பிட்டியில் வேலை. அப்படி ஒரு பகலில்தான் அந்தப் பிள்ளைகள் வந்தார்கள். பிள்ளைகள் என்றுதான் சொல்ல வருகிறது. முப்பது வயதுக்கு உள்ளே இருக்கும் கணவனும் மனைவியும். அவள் மாதமாக இருந்தாள். வெயிலில் நடந்து வந்து முகமெல்லாம் வேர்த்திருந்தது. ஹட்டன் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவர்கள், இப்போது வத்தளையில் வாடகைக்கு இருக்கிறார்கள் என்பதெல்லாம் பிறகு தெரிந்தது. கேற்றில் நின்று அவள் மிகவும் தயங்கித் தயங்கிக் கேட்டது இதுதான்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. நீங்க எப்ப காலி பண்ணுறீங்கன்னு கேட்டுட்டுப் போகலாம்னு வந்தோம்."

வீடு மாறி வந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். இலக்கத்தைக் கேட்டேன். சரியாகச் சொன்னாள். எங்கள் வீட்டைத்தான் வாங்குகிறார்களாம். அட்வான்ஸ் கொடுத்தாயிற்றாம், வங்கிக் கடனும் சரியாகிவிட்டதாம், மாத முடிவில் விற்பனை உறுதி எழுதுவதாம். வீட்டில் ஒரு டீச்சரும் கணவரும் வாடகைக்கு இருக்கிறார்கள், அவர்கள் வில்லங்கம் பிடித்தவர்கள், கதைக்கப் போகாதீர்கள் என்று புரோக்கர் சொல்லியிருந்தாராம். மாதமான வயிற்றோடு இன்னொரு குடும்பத்தை எழுப்பிக்கொண்டு வீடு புக அவளுக்கு மனம் வரவில்லை. அதனால் புரோக்கருக்குத் தெரியாமல், கணவனை வற்புறுத்திக் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

"இது என்ரை அப்பா கட்டின வீடு," என்றேன். "நாங்கள் ஒருத்தருக்கும் விக்கேல்லை."

அவன் என்னைப் பார்த்த பார்வையில், புரோக்கர் சொன்னது சரிதான் என்று அவன் நினைப்பது தெரிந்தது. அவளை வெயிலில் நிறுத்தி வைக்க முடியாமல் உள்ளே கூப்பிட்டுத் தண்ணீர் கொடுத்தேன். கணவருக்குப் போன் பண்ணினேன். அவர் வந்து சேரும்வரை மூன்று பேரும் ஹோலில் இருந்தோம். அவள் கண் சுவர்களிலும் கதவுகளிலும் போய்ப் போய் வந்தது. கட்டில் எங்கே போடுவது, தொட்டில் எங்கே தொங்கும் என்று முன்பே யோசித்து வைத்திருந்தவளின் பார்வை அது. என் வீட்டுக்குள் நான் விருந்தாளியாக உட்கார்ந்திருப்பதுபோல இருந்தது.

அவர்கள் ஏமாளிகள் இல்லை. வீடு வாங்குபவர்கள் கேட்க வேண்டிய எல்லாவற்றையும் கேட்டிருந்தார்கள். அடைமானம் இருக்கிறதா, வரி நிலுவை இருக்கிறதா, வீதி அகலமாக்கினால் காணி போகுமா, பிளான் அங்கீகரிக்கப்பட்டதா என்று ஒவ்வொன்றையும் தங்கள் லோயரைக் கொண்டு பார்க்கச் செய்திருந்தார்கள். காணிப் பதிவகத்தில் தேடியபோதும் குறை ஒன்றும் வரவில்லை. அப்பாவின் பெயர், அதன்கீழ் அப்பாவிடமிருந்து வாங்கியவர் என்று ஒரு பெயர். அந்த ஆள்தான் இப்போது இவர்களுக்கு விற்கிறார். அப்பா அந்த ஆளுக்கு எழுதிக் கொடுத்ததாகச் சொல்லும் உறுதியின் பிரதியை அவன் பையில் இருந்து எடுத்து, வந்து சேர்ந்த என் கணவரிடம் நீட்டினான்.

அப்பாவின் முழுப்பெயர், அடையாள அட்டை இலக்கம், காணியின் நான்கு எல்லைகள் எல்லாம் சரியாக இருந்தன. கடைசிப் பக்கத்தில் கையெழுத்தும் இடது பெருவிரல் அடையாளமும். கணவர் திகதியை இரண்டு தரம் வாசித்துவிட்டு என்னிடம் தந்தார். அப்பா இறந்ததற்கு அடுத்த வருடத்துத் திகதி அது.

யாரோ ஒரு மனிதர் வேட்டியோ காற்சட்டையோ உடுத்துக்கொண்டு உறுதி எழுதும் ஒரு நொத்தாரிசின் மேசைக்கு முன்னால் இருந்து, அப்பாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதும் ஓம் என்றிருப்பார். மையில் விரலைத் தோய்த்து வைத்திருக்கிறார். அந்த விரல் யாருடையது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

கணவர் உள்ளே போய் மரணச் சான்றிதழைக் கொண்டுவந்து காட்டினார். அந்தப் பிள்ளை அதைப் பிடித்தபடி சத்தமில்லாமல் அழத் தொடங்கினாள். அவன் மட்டும் இறுகிப்போய், "நீங்களும் அந்த ஆளும் சேர்ந்து செய்யலைன்னு நாங்க எப்படி நம்புறது?" என்று கேட்டான். எனக்குக் கோபம் வரவில்லை. இவர்களும் அந்தக் கூட்டத்தில் ஒரு பகுதியாக இருக்கலாம் என்று அந்த நேரம் நானும் நினைத்துக்கொண்டுதான் இருந்தேன்.

போகும்போது அவள் தன் போனை எடுத்தாள். புரோக்கர் அனுப்பிய படங்களாம். வெளிச்சுவர், கேற், ஒழுங்கை. அதற்குப் பிறகு உள்ளே எடுத்த படம் ஒன்று. எங்கள் ஹோல், சாப்பாட்டு மேசை, போன வருடம் நான் தைத்துப் போட்ட மஞ்சள் திரை. படத்தின் ஓரத்தில், குசினி வாசலில், முதுகைக் காட்டிக்கொண்டு நீலச் சட்டையோடு நான் நிற்கிறேன்.

"இது நீங்கதானே அக்கா?" என்று அவள் கேட்டாள்.

ஓம் என்றேன்.

அடுத்த நாளே நான்கு பேருமாகப் பொலிசுக்குப் போனோம். பிறகு நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடையில் எங்களுக்குத் தெரிந்த ஒரு பெண் லோயரிடம் போனோம். அவர் அதிகம் கதைக்கவில்லை. அப்பா இறந்தபின் சொத்தை வாரிசுகள் பெயருக்கு மாற்ற வழக்குப் போட்டீர்களா என்று மட்டும் கேட்டார். இல்லை. கனடாவில் இருக்கும் தங்கை வந்தபின் பார்ப்போம் என்று இருந்துவிட்டோம். பதிவகத்தைப் பொறுத்தவரை அப்பா உயிரோடுதான் இருந்தார். இப்படிக் கிடக்கிற வீடுகளைத்தான் அவர்கள் தேடுகிறார்கள் என்று லோயர் சொன்னார்.

"மரணம் தன்ரை பாட்டிலை பதிவகத்துக்குப் போகாது, டீச்சர்," என்றார். "ஆராவது கொண்டுபோய்ச் சொல்லவேணும்."

பிறகு அந்தப் பிள்ளைகள் பக்கம் திரும்பினார். எல்லாம் பார்த்த உங்கள் லோயர், வீட்டில் இருப்பவர்கள் எந்த உரிமையில் இருக்கிறார்கள் என்று கேட்டாரா என்றார். வாடகைக்காரர் என்று புரோக்கர் சொன்னதை எழுதிக்கொண்டார் என்று அவன் சொன்னான். வாடகை ஒப்பந்தத்தைக் கேட்டாரா? கேட்கவில்லை என்றான் அவன்.

அந்தக் காணியில் புதிதாக எதையாவது பதிய வந்தால் எங்களுக்கு அறிவிக்கும்படி லோயர் பதிவகத்தில் கேவியட் போட்டார். உறுதி செல்லாது என்று வழக்கும் போட்டோம். உறுதியில் இருந்த நொத்தாரிசு, அந்த முத்திரை தன்னுடையது இல்லை என்று பொலிசில் சொன்னார். விற்றவரின் இரத்மலானை விலாசத்தில் பூட்டிய கராஜ் ஒன்றுதான் இருந்தது. புரோக்கரின் போன் வேலை செய்யவில்லை. அந்தப் பிள்ளைகள் கொடுத்த அட்வான்ஸ் போனது போனதுதான்.

படத்தை எடுத்தது யார் என்ற கேள்விதான் என்னை விடவில்லை. திரை போட்டதிலிருந்து வீட்டுக்குள் வந்தவர்களை ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தேன். இன்டர்நெட் பூட்ட வந்தவர், குளிர்சாதனப் பெட்டி திருத்தியவர், அப்பாவின் திவசத்துக்கு வந்த உறவினர்கள், தன் மகனின் கலியாணம் சொல்ல வந்த பழைய சக ஆசிரியை. கணவரின் நண்பர் ஒருவர் வழமைபோல ஞாயிற்றுக்கிழமை வந்தபோது நான் அவருடைய போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் அதைக் கவனித்துவிட்டார். பிறகு அவர் வரவில்லை. கணவர் என்னோடு சண்டை பிடித்தார். ஆனால் அவரும் முன்கதவின் பூட்டை மாற்றினார்.

வழக்கு நாட்களில் அந்தப் பிள்ளைகளும் வருவார்கள். அவளுக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. வத்தளைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். அவன் அன்றைக்குத் தேத்தண்ணி போட்டுக் கொண்டுவந்து தந்து, "அன்னைக்கு அப்படிக் கேட்டுட்டேன், மனசுல வச்சுக்காதீங்க," என்றான். வெள்ளவத்தையில் விற்க இருக்கும் ஒரு சின்ன தொடர்மாடி வீட்டை யாரோ சொல்லியிருக்கிறார்களாம். போய்ப் பார்க்கவே பயமாக இருக்கிறது என்றாள் அவள்.

போன தவணைக்கு நான் தனியாகத்தான் புதுக்கடைக்குப் போனேன். கணவருக்குக் காய்ச்சல். நீதிமன்ற விறாந்தையில் ஆட்கள் நெரிந்துகொண்டு நின்றார்கள். உயரமான ஒருவர், சுத்தமான வெள்ளைச் சேட், கையில் பைல், என் பக்கத்தில் வந்து நின்றார். ஐம்பது வயது இருக்கலாம். மரியாதையாகச் சிரித்தார்.

"டீச்சர் தனியவே வந்தனீங்கள்? ஐயாவுக்குச் சுகமில்லையோ?"

பாடசாலையில் என்னிடம் படித்த யாரோ ஒரு பிள்ளையின் தகப்பனாக இருக்கும் என்று நினைத்து, லேசான காய்ச்சல் என்றேன்.

"பின்னறை ஒழுக்கு இப்ப சரியோ?" என்று கேட்டார்.

மழைக்குப் பின்னறைக் கூரை ஒழுகியது உண்மை. மேசனைக் கூப்பிட்டுத் திருத்தியும் இருந்தோம். ஓம் என்று என் வாய் சொல்லிவிட்டது. நீங்கள் ஆர் என்று கேட்பதற்குள் உள்ளே எங்கள் வழக்கு இலக்கத்தைக் கூப்பிட்டார்கள். திரும்பிப் பார்த்துக்கொண்டே போனேன். அவர் அதே இடத்தில் நின்று பைலைப் புரட்டிக்கொண்டிருந்தார். வழக்கைத் தள்ளிப் போட்டார்கள்; நான் வெளியே வந்தபோது அவர் அங்கே இல்லை.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். மேசனோடு வந்த யாராவது இருக்கும் என்றார். மேசன் தனியாகத்தான் வந்தார், நான்தான் அவருக்குத் தேத்தண்ணி கொடுத்தேன். அதைச் சொன்னதும் கணவர் போர்வையை விலக்கி எழும்பி உட்கார்ந்தார். பிறகு அவர் காய்ச்சலோடு எழுந்து போய்ப் பின்னறை யன்னலைச் சாத்தினார். நான் லோயருக்குப் போன் எடுத்தேன்.

வழக்கு இன்னும் நடக்கிறது.