ஒரே ஒரு டி-ஷர்ட்

பருவநிலை மாற்றம் பற்றிய விழிப்புணர்வுக்காக ஒரு பெரிய பாடகர் தில்லியில் கச்சேரி நடத்தினார். டிக்கெட்டோடு, 'பூமியைக் காப்போம்' என்று எழுதிய வெள்ளை டி-ஷர்ட்டும் வந்தது. கசங்கியிருந்தது. துவாரகாவில் எங்கள் குடியிருப்பு வாசலில், தகரக் கூரைக்குக் கீழே கரிப்பெட்டியால் இஸ்திரி போடும் கள்ளக்குறிச்சி அக்காவிடம் கச்சேரியன்று மத்தியானம் கொண்டுபோனேன்.

"வெயிலு தாங்கலம்மா. நாளைக்குப் போட்டுத் தரட்டுமா?" என்றார்.

"ஒண்ணே ஒண்ணுதானேக்கா, ஜல்தி" என்றேன். இரண்டு மணி நேரம் போட்டுக்கொள்ளும் சட்டைக்கு அவ்வளவு அவசரம் எனக்கு. அக்கா முகத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டு, போட்டுக் கொடுத்தார்.

பாடகர் உருகி உருகித்தான் பாடினார். நடுவில் பாட்டை நிறுத்தி, வெப்பத்தால் வாடும் ஓர் உயிரை ஒரு நிமிடம் கண்மூடி நினைக்கச் சொன்னார். மைதானமே அடங்கிப்போனது. நான் அழுதேன்.

மறுநாள் காலை இஸ்திரி மேசை காலியாக இருந்தது. நான் சட்டையை வாங்கிக்கொண்டு போன கொஞ்ச நேரத்தில் அக்கா சுருண்டு விழுந்துவிட்டாராம். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் பிரிந்துவிட்டதாக வாட்ச்மேன் சொன்னார்.

இந்த மாதிரிக் கச்சேரிகளால் விழிப்புணர்வு வருமா என்று ஆபீஸில் அவ்வப்போது வாதம் நடக்கும். எனக்கு அந்த டி-ஷர்ட்தான் ஞாபகம் வரும். அந்த ஒரு நிமிடம் நான் கண்மூடி நினைத்து அழுதது, மேடைத் திரையில் பார்த்த பனிக்கரடியை.